மூன்று விரல், முப்பது சதவீதம்

அப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. நடுவிலிருந்த மூன்றும் 2006-ல் ஒரு தோல் கம்பெனியில், தோலின் உள்பக்கச் சதையைச் சீவியெடுக்கும் மெஷினில் போயின. நான் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அத்தைதான் சாவியைக் கொடுத்துவிட்டு, "அப்பாவுக்குக் கையில அடிபட்டிருச்சாம், அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, நீ சாப்டு" என்றார். சோறு இருந்தது. சாப்பிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

சாதியும் உழைப்பும் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரண்டாம் ஆண்டில், நூலகத்தில் 1948-ம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தை, அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வதை, பின்னிணைப்பு வரை வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் அட்டவணையில் உடம்பு துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண் போடப்பட்டிருந்தது. கட்டைவிரல் 30. ஒரு கையின் நான்கு விரல்கள் 50. இரண்டு விரல்கள் 20. மூன்று விரல்கள் 30. அந்த எண்ணை எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் ஒரு காகிதத்தில் அது இருக்கிறது. அதைப் போட்டவர் ஒரு மருத்துவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த எண்ணுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'சம்பாதிக்கும் திறன் இழப்பு'. வலி, அழகு, வெட்கம் எதுவும் கணக்கில் வராது. காயத்துக்கு முன்னால் ஒரு மனிதரால் எவ்வளவு சம்பாதிக்க முடிந்தது, இனி எவ்வளவு முடியாது என்பது மட்டும். வேலை செய்ய முடியாமல் போனவருக்கு அரசின் காப்பீடு என்ன தரும் என்ற கேள்வி முழுவதும் இந்த ஒற்றை எண்ணில்தான் தொங்குகிறது. ஆகவே அந்த எண் எப்படி வருகிறது, அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்பது நம் வேலை.

முதலில் ஈ.எஸ்.ஐ. என்ன தருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முற்போக்காளர்களாகிய நமக்கு இட ஒதுக்கீட்டு வழக்குகளின் பெயர்கள் மனப்பாடம். வீட்டில் ஒருவர் கையை இழந்தால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது தெரியாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தின் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடமும் 3.25 சதவீதம் முதலாளியிடமும் வாங்குகிறார்கள். வேலையில் அடிபட்டு நடமாட முடியாமல் கிடக்கும் காலம் முழுவதும் தினக்கூலியில் 90 சதவீதம் தர வேண்டும். அது தற்காலிக இயலாமைப் பலன். காயம் ஆறிய பிறகும் குறை நிரந்தரமாக இருந்தால், மருத்துவக் குழு சதவீதத்தை முடிவு செய்யும். அந்த விகிதத்தில் வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் பணம் வரும். தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம் 450. மூன்று விரலுக்கு அதில் 30 சதவீதம், அதாவது நாளுக்கு 135 ரூபாய், மாதத்துக்கு 4,050 ரூபாய். வேறு வேலைக்குப் போனால் இது நின்றுவிடும் என்று பலர் பயந்து விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். நிற்காது. வேலைக்குப் போய்க்கொண்டே வாங்கலாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நோய்க்கான பலனுக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையில் ஏற்படும் காயத்துக்கு அது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளிக்குப் பலன் போய்ச் சேர வேண்டும். கட்டாதவரிடம் கழகம் வசூலித்துக்கொள்ளட்டும் என்கிறது சட்டம்.

இவ்வளவு நல்ல விதியை எங்கள் ஊரில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள்.

அப்பா அந்தக் கம்பெனிக்கு 1987-லிருந்து போனவர். மேஸ்திரி கூட்டிப் போன ஆள். சம்பளம் சனிக்கிழமை மேஸ்திரி கையால் வரும். பத்தொன்பது வருஷமும் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடிபட்ட அன்று மாலை அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் பெயரை எழுதினார்கள். அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்ததாக. முதல் நாளே காப்பீடு உண்டு என்ற விதி இருப்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. செலவு கம்பெனி தலையிலிருந்து ஈ.எஸ்.ஐ. தலைக்குப் போனது. சங்கத் தோழர் ஒருவர் இரண்டு நாள் கம்பெனி வாசலில் நின்றிருக்காவிட்டால் அந்த ஒரு நாள்கூட எழுதப்பட்டிருக்காது என்கிறார் அம்மா. உண்மையாக இருக்கும்.

ஆக, அரசின் ஆவணப்படி என் அப்பா வாழ்நாளில் வேலை செய்தது ஒரே ஒரு நாள். அதுவும் முழு நாள் இல்லை. விபத்து பகல் பதினொரு மணிக்கு. சம்பளம் என்று குறைந்தபட்சக் கூலியை எழுதினார்கள். அந்தக் கூலியை வைத்துத்தான் தினப் பலன், அதை வைத்துத்தான் 30 சதவீதம். பணிக்கொடை இல்லை, வருங்கால வைப்புநிதி இல்லை. வைப்புநிதி பிடித்திருந்தால் 1995-ம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில், முழுமையாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு ஒரே ஒரு மாதச் சந்தா இருந்தாலும் ஓய்வூதியம் உண்டு. அப்பாவின் கதைக்கு அது பொருந்தாது என்று வைத்தாலும், எத்தனையோ பேருக்குப் பொருந்தும். பெயர் எழுதப்படாதவருக்கு எதுவும் பொருந்தாது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். நம் பக்கத்துப் பதிவுகளில் 'ஈ.எஸ்.ஐ.யைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர்' என்று படத்துடன் ஒரு வரி சுற்றிக்கொண்டிருக்கும். பாதி சரி. 1942-லிருந்து 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அவர். தொழிலாளர்களுக்கான உடல்நலக் காப்பீடு குறித்து பி.பி. அடார்க்கர் 1944-ல் அளித்த அறிக்கை அவர் காலத்தில் வந்தது, ஈ.எஸ்.ஐ.யின் வேர் அதுதான். ஆனால் 1948-ல் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம். அவர் பிறந்தது சமார் சமூகத்தில். தோல் வேலையைப் பிறப்போடு சேர்த்துக் கட்டிவிட்டதே சாதி, அந்தச் சமூகத்தில். ஒரு தீண்டப்படாதவர் தயாரித்த அடித்தளத்தில் இன்னொரு தீண்டப்படாதவர் கட்டிமுடித்த சட்டம் இது. 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. இந்த வரலாற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சட்டத்தின் மேல் நமக்கு உரிமை கொண்டாடத் தெரிந்திருக்கிறது. அதன் அட்டவணையைத் திறந்து பார்க்கும் பழக்கம் வரவில்லை.

அட்டவணைக்குத் திரும்புவோம். மருத்துவக் குழுவின் முன்னால் அப்பா நின்றது சில நிமிடங்கள்தான் இருக்கும் என்கிறார். கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். மடக்கு, நீட்டு என்றார்கள். ஒரு மருத்துவர் எழுதிக்கொண்டே, "இடது கை நல்லாத்தானே இருக்கு, வேற ஏதாவது வேலை பாருங்க" என்றாராம். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக அப்பாவுக்கே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த மருத்துவர் சட்டத்தின் மனசைத்தான் பேசினார். முப்பது சதவீதம் போய்விட்டது என்றால் எழுபது சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். மிச்சத்தை வைத்து வேறு ஏதாவது வேலை.

அப்பா வேறு வேலை பார்த்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை போட்டார். ஸ்டவ், பாய்லர், இரண்டு பெஞ்சு, தற்காலிகப் பலனாக வந்த பணத்தில் மிஞ்சியதும் அம்மாவின் கம்மலும். இரண்டு விரலால் டம்ளரைப் பிடித்து ஆற்றக் கற்றுக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், ஒரு சொட்டுக்கூட வெளியில் சிந்தாது. கை அவரைக் கைவிடவில்லை. ஊர்தான் குடிக்க வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊர்க்காரர்கள் எங்கள் கடையைத் தாண்டி இருநூறு அடி நடந்து போய் அந்தக் கடையில் குடித்துவிட்டு வந்து, எங்கள் பெஞ்சில் உட்கார்வார்கள். நிழல் எங்கள் பக்கம்தான். சண்டை, மிரட்டல் எதுவும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. காலனி ஆட்கள் கடனுக்குக் குடித்தார்கள். நான்கு மாதத்தில் பாய்லரை விற்றோம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு சாதி இந்துவுக்கு அதே மூன்று விரல் போயிருந்தால் அதே முப்பது சதவீதம். அவர் டீக்கடை போடலாம், ஓட்டல் போடலாம், மளிகைக் கடையில் கல்லாவில் உட்காரலாம், கோயிலில் சீட்டுக் கிழிக்கலாம், சொந்தக்காரர் மில்லில் மேற்பார்வை பார்க்கலாம். நிலம் இருந்தால் குத்தகைக்கு விடலாம். அவருக்கு எழுபது சதவீதம் மிச்சம் இருக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். என் அப்பாவுக்கு மிச்சமிருந்த கையை எங்கே கொண்டுபோய் விற்பது? அவருக்குத் திறந்திருந்தவை தோல் கம்பெனி, கட்டட வேலை, கழனி வேலை, சாக்கடை. எல்லாமே முழுக் கையைக் கேட்கும் வேலைகள். விரல் இல்லாமலும் செய்யக்கூடிய வேலைகளை எல்லாம் சாதி தன் கைக்குள் வைத்துக்கொண்டது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலையாட்களையே பிரித்து வைத்திருக்கிறது என்று 1936-லேயே அம்பேத்கர் வாதிட்டாரே, அந்த வாதத்தை இந்த அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சம்பாதிக்கும் திறன் என்பது உடம்புக்குள் இருக்கும் ஏதோ ஒன்று என்று சட்டம் நம்புகிறது. அது உடம்புக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது.

இது எங்கள் குடும்பத்தின் ஆற்றாமை மட்டும் இல்லை. நீதிமன்றமே இந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறது. இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்டவணை அவருடைய இழப்பைப் பகுதி இழப்பு என்றுதான் சொல்லும். ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்குப் போனது நூறு சதவீதம் என்று ஆணையர் சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. அது 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. விரலைப் பார்க்காதே, வேலையைப் பார் என்பதுதான் அதன் சாரம். இன்னும் ஓர் அடி வைத்து, வேலையைப் பார்க்கும்போது அந்த ஆளுக்கு எந்த வேலைகளின் கதவு திறந்திருக்கிறது என்றும் பார் என்று சொல்ல ஆளில்லை. மருத்துவக் குழுவின் எண் பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் இன்னும் மோசம். அங்கே நான் மேலே சொன்ன 1923-ம் ஆண்டுச் சட்டம்தான். அதில் மாதாமாதம் கிடையாது, ஒரே தொகை. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். நாற்பது வயதுக்காரருக்கு முப்பது சதவீத இழப்பு என்றால் அதிகபட்சம் ஏறத்தாழ ஐந்து லட்சம் வரும். வழக்குப் போட்டு, முதலாளி என்று ஒருவர் இருப்பதை நிரூபித்து, வாங்கினால். மேஸ்திரிக்கு மேல் மேஸ்திரி என்று அடுக்கிவைத்திருக்கும் இடத்தில் முதலாளி யார் என்பதே வழக்கின் முதல் ஐந்து வருஷம். வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு அந்த வழக்கும் இல்லை.

துப்புரவுப் பணியில் இது அப்பட்டமாகத் தெரியும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20: பணிக்காலத்தில் உடல் குறை ஏற்பட்டது என்பதற்காக அரசு நிறுவனம் ஓர் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. செய்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி வேலை இல்லாவிட்டால் ஓய்வு வயது வரைக்கும் அவருக்காகவே ஒரு பணியிடத்தை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். நகராட்சியும் இதில் அடக்கம். அருமையான பிரிவு. குப்பை வண்டியில் ஏறும் இரண்டு பேரில் ஒருவர் நிரந்தரப் பணியாளர், இன்னொருவர் ஒப்பந்தத் தொழிலாளி. லாரி ஏறி இருவர் காலும் போனால், முதலாமவருக்கு இந்தப் பிரிவு. இரண்டாமவருக்கு மறுநாள் காலை அவர் இடத்தில் வேறு ஆள். ஒரே சேரி, ஒரே வேலை, ஒரே வண்டி. இன்று துப்புரவை ஒப்பந்தத்துக்கு விடுவது என்பது சம்பளத்தைக் குறைக்கும் ஏற்பாடு மட்டும் அல்ல. உடம்பு போனால் பொறுப்பு இல்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்கும் ஏற்பாடும் அதுதான்.

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் பல்ராம் சிங் வழக்கில் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதாளச் சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம். உயிர் பிழைத்து உடல் குறையோடு வருபவருக்குக் குறைந்தது 10 லட்சம். குறை நிரந்தரமாகி, பொருளாதார ரீதியில் நிர்க்கதியாகிவிட்டால் குறைந்தது 20 லட்சம். விரலையும் காலையும் எண்ணாமல் நிர்க்கதியை எண்ணிய உத்தரவு இது. இதையும் மரணச் செய்தி வரும்போது மட்டும்தான் நாம் நினைவுபடுத்துகிறோம். விஷவாயுவில் நுரையீரல் கெட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் செய்தி ஆவதில்லை.

எந்தக் காப்பீடும் இல்லாதவருக்குக் கடைசியாக மிஞ்சுவது உதவித்தொகை. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். நாளுக்குப் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, 80 சதவீதக் குறையும் இருந்தால்தான் அதுவும். தமிழ்நாடு தன் தொகையை 2023 ஜனவரியில் ஆயிரத்திலிருந்து 1,500 ஆக்கியது, அது மேல். ஆனால் 40 சதவீதம் என்ற கோடு பெரும்பாலான சலுகைகளுக்கு முன்னால் நிற்கிறது. அரசு மருத்துவமனை தரும் மாற்றுத்திறனாளி சான்று உடம்பின் குறையை அளக்கிறது, சம்பாதிக்கும் திறனை அல்ல. ஆகவே அதன் எண் வேறு. அப்பாவுக்கு அங்கே கிடைத்த எண் நாற்பதுக்குக் கீழே. ஒரே கை, இரண்டு அலுவலகம், இரண்டு எண். ஊர் போட்ட எண் மூன்றாவது. அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

இவற்றில் 1948, 1923-ம் ஆண்டுச் சட்டங்களை 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஒன்றாக மடித்துவிட்டது; 2025 நவம்பர் 21-லிருந்து அது நடைமுறைக்கு வந்திருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. விரல் பட்டியல் அதிலும் அப்படியே வந்திருக்கிறது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பாய்லரை விற்ற மாதம் அக்கா பத்தாம் வகுப்பு. பரீட்சை எழுதினாள், முடிவு வருவதற்கு முன்பே ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் போய்விட்டாள். அப்பாவின் இழந்த எழுபதையோ முப்பதையோ யார் ஈடுகட்டியது என்று கேட்டால், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஈடுகட்டினாள். என் கல்லூரிக் கட்டணம் அவள் மெஷினில் தைக்கப்பட்டது. அவள் 400-க்கு மேல் வாங்கியிருந்தாள் என்பது தெரிந்த நாளில், அவளை வாழ்த்த வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. இயலாமையின் சதவீதத்தை எழுதும் படிவத்தில் வீட்டில் யார் படிப்பை நிறுத்தினார்கள் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது.

அவள் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். இப்போது அங்கே லைனில் ஐம்பது பேருக்கு மூத்தவள். ஒவ்வொரு ஜனவரியும் அப்பாவை அழைத்துப் போய் வாழ்நாள் சான்று கொடுத்துவிட்டு வருவதும் அவள்தான்.

போன மாதம் ஓர் இரவு எனக்குப் போன் செய்தாள். புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, சேர்ந்து நான்கு நாள்கூட ஆகவில்லையாம், கட்டிங் பிரஸ்ஸில் கையை வைத்துவிட்டாள். நான் ஆய்வுக் குரலில் ஆரம்பித்தேன்: விபத்துப் பதிவேட்டில் ஏறியதா, ஆன்லைனில் விபத்து அறிக்கை போனதா, சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா, சம்பளம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள்.

"அதெல்லாம் சாயந்திரமே போட வெச்சுட்டேன். தேதிய நானே நின்னு பாத்தேன்" என்றாள். "நீ இத மட்டும் சொல்லு. அந்தப் பிள்ளை படிச்சுக்கிட்டு இருந்துச்சாம். கையி சரியாகுற வரைக்கும் ஸ்கூல்ல திரும்பச் சேர்த்துக்குவாங்களா?"

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் திங்கட்கிழமை பேசினேன். சேர்த்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார். மருத்துவக் குழு இன்னும் தேதி தரவில்லை.